அறுந்துபோகத் தெரிந்த கயிறு

ஆரணியில் நெசவுக்காரர் வீட்டைச் சதுர அடியில் அளப்பதில்லை. தறி போக மீதி எவ்வளவு என்றுதான் கேட்பது. ஜெயவேல் வீட்டில் தறி போக மீதி இருந்தது, ஒருவர் மல்லாந்து படுத்தால் இன்னொருவர் ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும் என்கிற அளவு. அந்த மீதியில்தான் அடுப்பு எரிந்தது, பீரோ நின்றது, சாமி படம் தொங்கியது, ஒரே மகள் சரண்யா படித்தாள். நோட்டைத் தறி மரத்தின்மேல் வைத்து எழுதுவாள். அப்பா மிதியை மிதிக்கும்போதெல்லாம் மரம் அதிரும், எழுத்தும் அதிரும். இன்றைக்கு அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் எழுதிவைக்கிற குறிப்பைப் படிக்க முடியாமல் டாக்டர்களே திணறுகிறார்களாம். மருந்துக்கடைக்காரர்களுக்குக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

சரண்யா பதினோராம் வகுப்புக்குப் போன வருஷம், அவளுடைய அம்மா புஷ்பலதா ஒரு முடிவுக்கு வந்தாள். தரையில் இடம் இல்லை, சரி. சுவரில் இருக்கிறதே? சுவரோடு கீல் வைத்து ஒரு பலகை. இறக்கினால் மேசை, ஏற்றினால் சுவர். அதன் முதுகில் காலண்டர்கூட மாட்டிக்கொள்ளலாம். ஆசாரியிடம் சொன்னாள். ஆசாரி பதினெட்டு நாள் வரவில்லை, பதினெட்டு நாளுக்கும் பதினெட்டுக் காரணம் வைத்திருந்தார். அதில் ஒரே பாட்டி இரண்டு தடவை செத்தாள். பத்தொன்பதாம் நாள் புஷ்பலதா வந்தவாசி ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கிவந்துவிட்டாள்.

கடைக்காரர் நியாயஸ்தர். "கூடவே ஒரு கண்ணாடி வருதும்மா, கண்ணுல தூள் வுழாம இருக்க. நம்ம ஜனங்க அத்த எடுத்துட்டு வெலைய கொறங்கன்றாங்க. உனக்கும் கொறச்சிடட்டுமா?" என்றார்.

"இன்னாங்க பேசறீங்க? கண்ணும் எனக்கு மெஷினோட ஓசில வந்ததா? குடுங்க அத்த."

மேசை வந்தது. சரண்யாவின் கையெழுத்து திரும்பி வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் காத்தாயி வந்து பார்த்தாள், பிறகு எதிர்வீடு, பிறகு அடுத்த தெரு. தறி வைத்திருக்கும் வீடுகளிலெல்லாம் பிள்ளைகள் அதிர்ந்துகொண்டுதான் எழுதின என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஐந்தாறு வருஷத்தில் அவள் பெயர் 'மடக்கு மேசை புஷ்பலதா' ஆகிவிட்டது. பெரணமல்லூர் பக்கம், முழம் நிலம் சொந்தமில்லாத வீட்டில் பிறந்து, மற்றவர் கழனியில் அறுப்பு அறுத்த கை அது. கல்யாணமாகி வந்த புதிதில் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பார்த்தாள், அறுந்த இழையைப் பிணைத்துப் பார்த்தாள். பட்டு அவளுக்கு ஒத்துவரவில்லை. பட்டு கெஞ்சக் கேட்கும், அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. மரம் அப்படியில்லை, அடித்துப் பேசினாலும் கேட்டுக்கொள்ளும்.

வீட்டின் பின்புறம் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை. டிரில்லுக்குத் துணையாக மரம் அறுக்கிற மெஷின் ஒன்றும், தேய்க்கிற மெஷின் ஒன்றும் பிறகு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் வந்த அன்று காத்தாயி ஆரத்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம் நசுக்கினாள். மிளகாய் கோத்துக் கட்டினாள். டிரில்லின் விசையில் அவள் அப்பிய குங்குமத்தில் விசை இறுகிப்போய், இரண்டு நாள் அது வேலையே செய்யவில்லை. ஊரில் எங்கேயும் இதுதான் நடைமுறை. மெஷினுக்கு ஒரு ஆபத்தும் வந்துவிடக்கூடாது. அதைப் பிடிக்கிறவர் பாடு அவரவர் பாடு.

புஷ்பலதா தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள். சேலைக்கு மேலே ஜெயவேலின் பழைய சட்டை, கை முழங்கைக்கு மேலே வெட்டித் தைத்தது. தாலி சட்டைக்குள்ளே. கொண்டை துண்டுக்குள்ளே. வளையல் கழற்றி ஆணியில். கண்ணாடி கண்ணில். துளை போடுகிற பிட்டை மாற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல், தன் கண்ணெதிரே. ஜெயவேல் ஒருநாள் அன்பாகக் கையுறை வாங்கிவந்தார், துணிக் கையுறை.

"சுத்தற மெஷினுக்கு இது ஆகாதுங்க. நுனிய புடிச்சிதுன்னா கையவே இஸ்துகினு பூடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் பலாப்பழம் அறுத்தார்.

இன்னொரு விதியும் அவளிடம் இருந்தது. டிரில்லின் விசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால், விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கிய முதல் மாதம் விரல் வலிக்கிறதென்று அமுக்கினாள். மெஷின் கைநழுவித் தரையில் விழுந்து, அருள் வந்ததுபோல் ஆடி, கோரைப்பாயில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் நின்றது. அன்றோடு அந்தப் பொத்தானின்மேல் பசை நாடா ஒட்டிவிட்டாள். விரல் எடுத்தால் நிற்கணும். நிற்கத் தெரியாத எதையும் அவள் நம்புவதில்லை.

இதையெல்லாம் தறிக் குழியில் உட்கார்ந்தபடி ஜெயவேல் பார்ப்பார். பின்வாசல் திறந்திருந்தால் குழியிலிருந்து கொட்டகை நேராகத் தெரியும். கொட்டகையில் டிரில் அலறத் தொடங்கினால் தறி நின்றுவிடும். அது ஓய்ந்த பிறகுதான் இங்கே 'சடக்' கேட்கும். தெருவே இதைக் கவனித்துவைத்திருந்தது.

"இன்னா ஜெயவேலு, பொண்டாட்டி மெஷின் ஓட்னா உன் தறி பேஜாராவுது? ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டா?" என்று காத்தாயி கேட்பாள். அவரோ கைத்தறிக்காரர்.

"அந்த சத்தத்துல பூ கணக்கு தப்பிடும்க்கா" என்பார்.

இருபத்தைந்து வருஷமாகச் சேலையில் பூ போடுகிற மனிதருக்குக் கணக்கு தப்பாது. அது புஷ்பலதாவுக்குத் தெரியும். கேட்டதில்லை.

சரண்யா வேலூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆடியில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. ஆணுக்கு வலது மணிக்கட்டு, பெண்ணுக்கு இடது. கட்டினால் பத்து நாள் ஊரைத் தாண்டக்கூடாது, பத்தாம் நாள் தீமிதி முடியும்வரை அவிழ்க்கக்கூடாது. புஷ்பலதா வேண்டிக்கொள்ளவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஜெயவேல்தான் ஒரு கயிற்றை நீட்டினார்.

"இன்னாங்க இது?"

"உனக்கு வேண்டிகினேன். கைய நீட்டு மே."

"எனக்கா? எனக்கு இன்னா கேடு?"

"கேடு வந்தாதான் வேண்டணுமா? நீட்டு."

கோயிலில் கொடுக்கிற பருத்திக் கயிறில்லை அது. தறியில் ஏற்றிய பாவு தீர்ந்தபோது மிஞ்சிய பட்டு இழைகளைப் பன்னிரண்டாகச் சேர்த்து, மூன்று நாள் முறுக்கி, மஞ்சளில் தோய்த்திருந்தார். முனையில் சேலைக்குப் போடுவதுபோல் குஞ்சம்வேறு. இழுத்துப் பார்த்தாள். மாட்டைக் கட்டலாம்.

"ஷோக்காதான் இருக்குது. யாருக்கு கட்றீங்க, எனக்கா, ஜெர்சி பசுவுக்கா?"

அவர் சிரிக்கவில்லை. குனிந்து மூன்று முடிச்சுப் போட்டார். கடைசி முடிச்சுப் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். அவருக்கு எதைச் சொல்லத் தெரியாதோ அது அந்த முடிச்சில் இருந்தது. பகல் வெளிச்சத்தில் அவர் அவள் கையைப் பிடித்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள், தெள்ளாரிலிருந்து வந்திருந்த ஆர்டருக்குப் பலகை தயார் செய்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் வளையல் ஆணியில், தாலி உள்ளே, கொண்டை துண்டில், கண்ணாடி கண்ணில். எல்லாம் சரியாக இருந்தது. காப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கழற்றக்கூடிய பொருளைத்தானே பட்டியலில் சேர்க்க முடியும்? காப்பு கழற்றக்கூடாதது. ஆகவே அது பொருளே இல்லை, அது ஆத்தா. கையுறை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த அதே புஷ்பலதாவுக்கு, சாண் நீளக் குஞ்சம் மணிக்கட்டில் ஆடுவது கண்ணில் படவே இல்லை.

பலகையைக் கவ்விப் பிடிக்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு கிளாம்ப். அது பசை காயவேண்டிய வேறு பலகையைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டைதானே என்று இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் டிரில்லை வைத்து அமுக்கினாள்.

குஞ்சம் பிட்டைத் தொட்டது.

விரல் தானாக விசையை விட்டது. மெஷின் நின்றுவிட்டது. அதற்குள் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது கயிறு. அவள் இடது மணிக்கட்டு பிட்டைப் பிடிக்கிற இரும்புத் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிட்டின் நுனி கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கோடு கிழித்துவிட்டு நின்றிருந்தது. அந்தப் பொத்தான்மேல் நாடா ஒட்டியிருக்காவிட்டால், விரலை எடுத்தும் நிற்காமல் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை முடிக்காமல் விட்டாள். கயிறு அறுந்திருக்கவும் இல்லை. நல்ல முறுக்கு.

முதலில் பிளக். மெஷினையும் கையையும் சேர்த்துக் கைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு, இரண்டு எட்டு நடந்து, வலது கையால் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். டிரில் சத்தம் ஓய்ந்ததால் உள்ளே தறி 'சடக்' என்று ஒருதரம் அடித்தது.

"யோவ்!"

இன்னாங்க என்றுதான் அவள் கூப்பிடுவாள். அந்த 'யோவ்' கேட்டு ஜெயவேல் குழியிலிருந்து எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. வேட்டி தறியிலேயே தங்கிவிட்டது, டவுசரோடு வந்து நின்றார். அவள் விரல்கள் ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைக் கண் மூடிக்கொண்டு தேடிப்பிடிக்கிற விரல்கள் அவருக்கு. சிக்கலில் முனையைத் தேடின. முனை இரும்புக்கு அடியில் போய்விட்டிருந்தது. டவுசர் பையிலிருந்த கத்தரியை எடுத்தார்.

"வெட்டாதீங்க. காப்புங்க அது, சாமி குத்தம் ஆய்டும்."

"வாய மூடு மே."

பாவில் ஒரு இழையை வெட்டவேண்டி வந்தாலும் ஒரு நிமிஷம் கையைத் தடவிக்கொண்டு யோசிக்கிறவர். யோசிக்கவில்லை. ஒரே வெட்டில் போகவில்லை அது, இரண்டாவது வெட்டில்தான் விட்டது. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஒரு வளையம் பதிந்திருந்தது. துவைக்கிற கல்மேல் அவளைக் குந்தவைத்து, குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னார். அஞ்சும் மடங்கின. மறுபடி மடக்கச் சொன்னார்.

"அஞ்சுதாங்க. ஆறாவது ஒண்ணு இருந்தா சொல்லுங்க, மடக்கறேன்."

"நான் கட்ன கயிறு மே" என்றார். பிறகு, டவுசரோடு நிற்கிறோம் என்பதே நினைவில்லாமல், "உன் மெஷினு கத்த சொல்லோ எனக்கு கை ஓடாது. அது நின்னாதான் மூச்சே வுடுவேன். இன்னிக்கும் நின்னுச்சி, சரி, மூச்சு வுட்டுட்டேன்" என்றார்.

பூக் கணக்கு தப்பிவிடும் என்கிற கதை அப்படித்தான் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சரண்யாவுக்கு போனில் சொன்னபோது அவள் நர்ஸாகத் தொடங்கி மகளாக அழுது, மறுபடி நர்ஸாகி, "தனியா கெடந்து ஓட்டாதம்மா, இன்னும் ரெண்டு கிளாம்ப் வாங்கு, கையில நூலு, கயிறு ஒண்ணும் இருக்கக்கூடாது" என்று முடித்தாள். கயிறு கூடாது என்றால் காப்பு? பத்து நாள் முடியுமுன்னே அறுந்துவிட்டதே, வேண்டுதல் என்ன ஆவது? மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியுமாகக் கோயிலுக்குப் போனார்கள். ஜெயவேல் வெட்டின கயிற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்திருந்தார், கொலைக்குச் சாட்சிபோல.

பூசாரி முத்துவேல் மற்ற நாளில் ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர். கயிற்றை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வலது கை மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"இன்னாடா இது, தேர்வடமா?"

"பட்டுண்ணா. பன்னெண்டு இழை."

"எவன்டா உன்ன இவ்ளோ கெட்டியா முறுக்க சொன்னான்?"

"நான் தறிக்காரன்ணா. அறுந்து போற நூலு முறுக்க எனக்கு தெரியாது."

"கத்துக்கோ." பூசாரி பாதி விரலைத் தூக்கிக் காட்டினார். "இது இன்னாத்தால போச்சி தெரியுமா? மாமியார் வூட்டு மோதிரம். கழட்டினா மரியாதி இல்லன்னா என் பொண்டாட்டி. மில்லு பெல்ட்டு மாட்டிகிச்சி. மோதிரம் பத்தரமா கெடச்சிது."

புஷ்பலதாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "குத்தம் ஆய்டுச்சாண்ணா?" என்று கேட்டாள்.

"காப்புன்னா காபந்து. ஆத்தா கைய கேட்டாளா, கயித்த கேட்டாளா? கை இருக்குது இல்ல, குத்தம் இல்ல. வேண்டுதல் பாக்கி ஏழு நாளு இருக்குது. தெனம் கட்டு, தெனம் எடு. மெஷின்கிட்ட போ சொல்லோ கையில இருக்கக்கூடாது. வேல முடிஞ்சா கையில இருக்கணும். அவ்ளோதான். போங்க, கூழு ஊத்தறாங்க, ஜல்தி போங்க."

அறுந்துபோகிற நூல் முறுக்குவது எளிதென்று நினைப்பவர்கள் நல்ல நூல் முறுக்கிப் பழகாதவர்கள். ஜெயவேல் அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார். பட்டை விட்டுப் பருத்திக்கு வந்தார். நான்கு இழை. புஷ்பலதா கட்டுப்போட்ட கையில் ஒரு முனையும் நல்ல கையில் ஒரு முனையுமாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

"கெட்டி."

இரண்டு இழை.

"இப்பவும் கெட்டிதான்."

"இதுக்கு மேல முறுக்காம குடுத்தா அது கயிறு இல்ல மே, பஞ்சு."

"அப்ப பஞ்சு குடுங்க."

ஒற்றை இழை, முறுக்கு பாதிதான். கை தன்னால் முறுக்கப் போக, அவர் கையைத் தானே அதட்டி நிறுத்தவேண்டியிருந்தது. இழுத்தாள். பட்டென்று போனது. வாழ்நாளில் முதல்முறையாக நூல் அறுந்ததற்காக ஜெயவேல் ஒருவரிடம் "சபாஷ்" வாங்கினார். பிறகு குஞ்சம் வைக்கலாமா என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில், கேட்கவே இல்லை என்று ஆக்கிக்கொண்டார்.

கை ஆறுகிறவரை மெஷினைத் தொடவில்லை. ஆனாலும் அன்றே வழக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். விடிந்ததும் அவளே கயிற்றைச் சுண்டி அறுப்பாள், கொட்டகையில் வளையல் மாட்டுகிற ஆணியில் தொங்கவிடுவாள். சாயங்காலம் அவர் தறியை விட்டு ஏறிவந்து புதிதாக ஒன்று கட்டுவார். கட்டு பிரித்த பிறகு மெஷின் ஓடத் தொடங்கியதும், பிளக் மேசைமேல் கிடந்தால்தான் கட்டுவேன் என்று அவர் ஒரு விதி சேர்த்தார். இரண்டு புது கிளாம்ப்பும் வந்தன. டிரில் அலறினால் தறி நிற்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது காரணம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

காத்தாயி விடுவாளா? சாயங்காலமானால் சுவருக்கு மேலே தலை தெரியும்.

"இன்னாடி புஷ்பா, தெனம் கல்யாணமா? மூணு முடிச்சா, ஒரு முடிச்சா?"

"ஒண்ணுதான்க்கா. மூணு போட்டா அறுக்க நேரமாவுது."

"எங்க வூட்ல ஒருதபா கட்ன ஆளு, அதுக்கப்புறம் நான் எங்க இருக்கிறேன்னே பாக்கல. நானும் ஒரு மெஷின் வாங்கறேன்டி."

பத்தாம் நாள் தீமிதி. பதினோராம் நாள் காப்பு அவிழ்த்து, ஆணியில் சேர்ந்திருந்த மஞ்சள் நூல்களையும் சேர்த்துக் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தாள். வேண்டுதல் முடிந்தது. ஆணியில் வளையல் மட்டும் இருந்தது. அன்று பகலில் தெள்ளார் மேசைக்கு ஓட்டை போட்டாள். பலகையைக் கிளாம்ப் கவ்விக்கொண்டது. வெறும் மணிக்கட்டில் மஞ்சள் போன இடத்தில் சின்ன வளையமாகத் தழும்பு தெரிந்தது.

சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். தூளைக் கூட்டினாள். கல்மேல் உட்கார்ந்து கை கழுவினாள். கழுவி முடித்த பிறகும் எழுந்து உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டிருந்தால் கால் வலி என்றிருப்பாள்.

தறிச் சத்தம் நின்றது. ஜெயவேல் பின்வாசலில் வந்து நின்றார். முதலில் மேசைமேல் பார்த்தார், பிளக் கிடந்தது. அவர் விரலில் ஒற்றை இழை தொங்கியது.

"காப்புதான் அவுத்தாச்சேங்க?"

"ஆத்தாளுக்கு அவுத்தாச்சி." அவர் சுவரைப் பார்த்தார், காத்தாயியின் தலை இல்லை. "நூலு கொஞ்சம் மிஞ்சி கெடந்துச்சி."

"நெசவுக்காரர் வூட்ல நூலா பஞ்சம்?" என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டினாள். "நாளைக்கி காலைல அறுத்துடுவேன், சொல்லிட்டேன்."

"அறு மே" என்றார், தழும்பின் மேலே படாமல் சுற்றிக்கொண்டே. "அதுக்குத்தான கட்றேன்."